எஸ்.பி. ரோட்டில் யூஎஸ்பி ஹப் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

பெங்களூருவில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் 1,450 ரூபாய் கொடுத்து ஒரு யூஎஸ்பி ஹப், அதாவது லேப்டாப்பின் ஒரு போர்ட்டைப் பல போர்ட்டாக்கும் சாமான், வாங்கினேன். அந்த ஹப்பும் அதை விற்றவரும் சேர்ந்து, நான் வேலூர் வரை சைக்கிள் ஓட்டிப்போன பதிவையே அழித்துவிட்டார்கள். இன்னொருவருக்கு இப்படி நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

என் லேப்டாப்பில் இரண்டே போர்ட். சைக்கிள்காரர்களுக்குச் செருக எத்தனை சாமான் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்: போகும் பாதையைப் பதிவு செய்ய ஹேண்டில்பாரில் மாட்டும் ஜிபிஎஸ் மீட்டர், முன் லைட், பின் லைட், வீட்டுக்குள் சைக்கிளை மாட்டி ஓட்டும் ட்ரெயினரின் சிக்னலை வயரில்லாமல் வாங்கும் ஏஎன்டி பிளஸ் டாங்கிள். இதோடு மவுஸ், ஹார்ட் டிஸ்க். தனி அடாப்டரோடு ஏழு போர்ட் உள்ள 3.0 ஹப் (பழைய 2.0-ஐ விட வேகமான வகை) வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் தமிழர். எந்த ஊர் என்று விசாரித்தார், வேலூர் என்றேன். "அட, நம்ம பக்கம்தான் தம்பி. உனக்குப் போய் டூப்ளிகேட் கொடுப்பேனா?" என்றார். அந்தப் பேச்சை நம்பி, பெட்டியைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கி வந்தேன்.

முதல் வாரத்திலேயே தொல்லை ஆரம்பித்தது. ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் மற்ற எல்லாமே ஒரு நொடி விட்டுப்போய்த் திரும்ப வரும். வின்டோஸ் அந்த டிங் டாங் சத்தத்தைப் போட்டுக்கொண்டே இருக்கும். கேபிளை மாற்றினேன், டிரைவரை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டேன், லேப்டாப்பையே சந்தேகப்பட்டேன். ஹப்பை மட்டும் சந்தேகப்படவில்லை.

அப்புறம்தான் வேலூர் பயணம். விடியற்காலை அல்சூரில் கிளம்பி ஓசூர், கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர் என்று 200 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரம் ஓட்டியது அதுவே முதல் தடவை. அப்பா வாசலிலேயே காத்திருந்தார். "எங்கெங்க நின்னே, எங்க டீ குடிச்சே, எல்லாத்தையும் மேப்ல காட்டணும்" என்றார். பெங்களூரு போனதும் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பெங்களூரு திரும்பியதும் மீட்டரை ஹப்பில் செருகி, இடம் போதவில்லையே என்று பழைய பயணங்களை கட் செய்து லேப்டாப்புக்கு மாற்ற ஆரம்பித்தேன். பாதியில் ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கியது, எல்லாம் துண்டித்துக்கொண்டது. கட் செய்யும்போது மீட்டரில் இருக்கும் ஃபைல் பட்டியலும் திருத்தி எழுதப்படுகிறது. அந்த நேரத்தில் இணைப்பு போனால் பட்டியலே சிதைந்துவிடலாம். மீட்டர் திரும்ப வந்தபோது, அதை ஃபார்மேட் செய்யட்டுமா என்று வின்டோஸ் கேட்டது. வேண்டாம் என்று மூடிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஹப்பையும் மீட்டரையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அவர் மீட்டரை வாங்கித் தன் கம்ப்யூட்டரில் செருகினார். அதே கேள்வி வந்தது. நான் "வேண்டாம் அண்ணா" என்று சொல்லி முடிப்பதற்குள் ஃபார்மேட்டை அழுத்திவிட்டார். "இப்ப பாரு, சரியாயிடுச்சு" என்று காட்டுவதற்காக ஒரு சினிமாவையும் அதில் காப்பி செய்தார். மீட்டரில் இருப்பதே கொஞ்சம் இடம், முக்கால்வாசி நிரம்பிவிட்டது. ஆபீஸ் நண்பர் பிறகு சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை: க்விக் ஃபார்மேட் பட்டியலை மட்டும்தான் துடைக்கும், அதன் மேல் வேறொன்றை எழுதும்வரை பழைய ஃபைல்களைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். அந்த சினிமா என் வேலூர் பாதையின் மேல் எழுதப்பட்டுவிட்டது. ஃபார்மேட்டுக்கு 300 ரூபாய் கேட்டார். கொடுத்தேன். ஹப்பை மட்டும் திரும்ப எடுக்க மாட்டேன் என்றார்.

வீட்டில் டார்ச் அடித்து ஹப்பைப் பார்த்தேன். 3.0 போர்ட்டில் முன்னால் ஐந்து, உள்ளே தள்ளி நான்கு, ஆக ஒன்பது தகடுகள் இருக்க வேண்டும். இதில் எல்லாப் போர்ட்டிலும் நான்குதான். அதாவது பழைய 2.0 ஹப்புக்கு நீலப் பிளாஸ்டிக் வைத்து 3.0 என்று விற்றிருக்கிறார்கள். அடாப்டரில் 5 வோல்ட், 1 ஆம்பியர் என்று போட்டிருந்தது. 2.0 போர்ட் ஒன்றுக்கே 500 மில்லி ஆம்பியர் கொடுக்க வேண்டும். இந்த அடாப்டர் இரண்டு போர்ட்டுக்குத்தான் காணும். ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது இழுக்கும் கரண்டுக்கு மற்றதெல்லாம் விழாமல் என்ன செய்யும்? கடையிலேயே தகடுகளை எண்ணுங்கள், அடாப்டரில் எழுதியிருப்பதைப் படியுங்கள், உங்கள் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுபோய் அங்கேயே செருகிப் பாருங்கள்.

நிஜமான 3.0 ஹப்பிலும் ஒரு விஷயம் உண்டு. அதிலிருந்து கிளம்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுவதால் பக்கத்தில் செருகிய ஏஎன்டி பிளஸ் டாங்கிளின் சிக்னல் அறுந்துபோகலாம். டாங்கிளை ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வையுங்கள்.

பில் என்று அவர் கொடுத்தது ஒரு துண்டுச்சீட்டு. "ஹப் 1450" என்று மட்டும் எழுதியிருந்தது. கடைப் பெயர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததும் முறையற்ற வணிகம்தான். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் வரை எடுத்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. நல்லவேளையாகப் பணம் யூபிஐயில் அனுப்பியிருந்தேன், அந்த ரசீது இருக்கிறது. அதையும் ஹப்பின் படங்களையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.

அப்பா நேற்றும் போனில் மேப்பைக் கேட்டார். டீ குடித்த இடங்களை ஒரு தாளில் வரைந்து அனுப்பினேன்.