கினி பிக்குக்கு ஏசி, எங்களுக்கு ஹால்

எங்கள் வீட்டில் இரண்டு கினி பிக் (வாலில்லாத, எலி இனத்துச் செல்லப்பிராணி) வளர்கின்றன. அதனால் திருமங்கலத்து நண்பர் ஒருவர், மகளுக்கும் வாங்கிக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார். கேட்ட நேரம் சரியில்லை. அன்றைக்குத்தான் கரண்ட் பில் வந்திருந்தது. 500 யூனிட்டைத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் ரேட்டே வேறு. அதனால் இதில் கொஞ்சம் கடுப்பு இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

புல் தின்னும், சாது, லேசில் கடிக்காது என்பதெல்லாம் தெரிந்ததுதான். விற்பவர் வாயைத் திறக்காத விஷயம் வெயில். இதன் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பக்கம். 18 முதல் 24 டிகிரி வரை சுகமாக இருக்கும், 28ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். மதுரையில் மார்கழி மதியமே 28ஐத் தொட்டுவிடும்! இதற்கு வியர்க்காது, நாய்போல நாக்கைத் தொங்கவிட்டுச் சூட்டைத் தணித்துக்கொள்ளவும் வராது. சூடு ஏறினால் தட்டையாகப் படுத்து, எச்சில் வடிய, வேகவேகமாக மூச்சு வாங்கும். கவனிக்காவிட்டால் உயிரே போய்விடும். அப்படிப் பார்த்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், காதிலும் பாதத்திலும் ஈரத்துணி வைத்து, மருத்துவரிடம் ஓட வேண்டும். ஐஸ் தண்ணீரில் முக்கக் கூடாது.

ஈரச்சாக்கு, படுக்க மண் ஓடு, துணி சுற்றிய ஐஸ் பாட்டில் எல்லாம் மாசி வரை தாங்கும். பங்குனியில் எங்கள் மாடி வீட்டு ஃபேன் அனலைத்தான் சுற்றி அடிக்கிறது. ஆகவே வீட்டின் ஒரே ஏசி அறை அவற்றுக்கு. அக்னி நட்சத்திரம் முழுக்க நாங்கள் ஹாலில். ஊரிலிருந்து வந்த அம்மா, "பெத்தவளுக்குப் போடாத ஏசிய எலிக்குப் போட்டிருக்கியேடா" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் ஏசியை இழுக்காது, மறுபடி ஐஸ் பாட்டில்தான்.

சரி, நியாயமாக நல்லதையும் சொல்ல வேண்டும். கேரி பேக் சரசரத்தால் போதும், விசில் அடிக்கத் தொடங்கிவிடும். சந்தோஷம் வந்தால் நின்ற இடத்திலேயே துள்ளிக் குதிக்கும். அந்த ஒரு துள்ளலுக்காக ஹாலில் படுக்கலாம் என்று தோன்றும், இரவு பதினொரு மணி வரை.

சாப்பாட்டுச் செலவு பெரிதில்லை. பல் ஆயுள் முழுக்க வளரும், அதனால் நாள் முழுக்கப் புல் இருக்க வேண்டும். வைக்கோலில் சத்தில்லை, அதைப் போட்டு ஏமாற்ற முடியாது. இறக்குமதி டிமோத்தி புல் நல்லதுதான், விலையைப் பார்த்தால் நமக்கு மூச்சு வாங்கும். எங்களுக்குக் கைகொடுத்தது பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல். மருந்தடிக்காத இடத்ததா, நாய் நடமாட்டம் இல்லாததா என்று பார்த்து, கழுவிப் போடுகிறோம். வைட்டமின் சி, நம்மைப் போலவே அதன் உடம்பிலும் உற்பத்தியாகாது. தினமும் குடைமிளகாய், கொத்தமல்லி. எப்போதாவது சின்னத் துண்டு கொய்யா. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு பக்கமே போகக் கூடாது.

கூண்டுக்குக் கம்பித் தரை வேண்டாம், பாதம் புண்ணாகும். பூனை எட்டாத இடம் வேண்டும். குழந்தை தூக்குவதானால் தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ளட்டும், கைதவறி விழுந்தால் முதுகெலும்பு தாங்காது. அப்புறம், வாய்வழி பென்சிலின், அமாக்சிசிலின் வகை மருந்துகள் இதன் குடலைக் கெடுத்துக் கொன்றுவிடும். நாய், பூனை மட்டும் பார்த்துப் பழகிய மருத்துவராக இருந்தால் இதை நீங்களே முதலில் சொல்லுங்கள்.

என் தீர்ப்பு: வாங்காதீர்கள். 5 முதல் 8 வருடம் வாழும், அத்தனை கோடையையும் கணக்குப் போடுங்கள். அதையும் மீறி வாங்கினால் ஒற்றையாக வேண்டாம், ஏங்கிப்போகும். இரண்டும் பெண்ணா என்று தெரிந்தவரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள். எங்கள் ஜோடியில் ஒன்றுக்கு வயதாகிறது. அது போனால் மற்றதற்குத் துணை தேட வேண்டும், இப்போதே ஒரு இடத்தில் சொல்லி வைத்திருக்கிறேன்.