டபுள் ஸ்டாண்டா, பேடாக் ஸ்டாண்டா, ஜாக்கியா? வீட்டில் பைக்கைத் தூக்கி நிறுத்த எது சரி

பைக்கைத் தூக்கி நிறுத்த எந்தச் சாதனம் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்தப் பாகத்தைக் கழற்றப் போகிறீர்கள் என்பதைத்தான். செயினுக்கு ஆயில் விடுவது ஒரு வேலை, பின் சக்கரத்தை உருவி எடுப்பது முற்றிலும் வேறு வேலை. கழற்றியதும் எடை எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமல் ஸ்டாண்டு வாங்கினால், வண்டி ஒருநாள் காலில்தான் விழும்.

முதலில் டபுள் ஸ்டாண்டு. ஸ்ப்ளெண்டர், கிளாசிக் 350 மாதிரி வண்டிகளில் அது கூடவே வருகிறது. கிளாசிக் 195 கிலோ, அதைத் தூக்கத் தோள் பலம் வேண்டும் என்று பயப்படுவது தப்புக் கணக்கு. இடது கை ஹேண்டில்பாரில், வலது கை பின் சீட்டுக் கைப்பிடியான கிராப் ரெயிலில். வலது காலால் ஸ்டாண்டை இறக்கி, அதன் இரண்டு பாதமும் தரையைத் தொடும்வரை வண்டியை மெல்ல நிமிர்த்துங்கள். ஒரு பாதம் மட்டும் தொட்டால் வண்டி இன்னும் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டும் பதிந்த பிறகு உடம்பு எடை முழுவதையும் அந்தக் காலில் இறக்கினால் வண்டி தானாகப் பின்னால் ஏறும், கை பிடிமானத்துக்கு மட்டும்தான். அப்படியும் கஷ்டமாக இருந்தால் பின் சக்கரத்தை முக்கால் இஞ்ச் பிளைவுட் துண்டின் மேல் ஏற்றி வைத்துவிட்டு முயலுங்கள், பாதி வேலை மிச்சம்.

பெரும்பாலான வண்டிகளில் டபுள் ஸ்டாண்டு போட்டால் பின் சக்கரம்தான் காற்றில் இருக்கும். பின் சக்கரத்தைக் கழற்றினால் எடை இன்னும் முன்னால் போகும், முன் சக்கரம் தரையில் அழுத்தமாக உட்காரும், பயமில்லை. முன் சக்கரத்தைக் கழற்றுவதாக இருந்தால் கதை வேறு. இன்ஜினுக்குக் கீழே முட்டுக் கொடுக்காமல் சக்கரத்தின் அச்சான ஆக்சிலை உருவக் கூடாது.

யமஹா ஆர்15, டியூக் 390, பல்சர் என்எஸ்200 போன்றவற்றில் டபுள் ஸ்டாண்டே கிடையாது. இவற்றுக்குப் பேடாக் ஸ்டாண்டுதான் வழி, அதாவது பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்முக்கு அடியில் கொடுத்து வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கும் தனிச் சட்டம். அதில் இரண்டு வகை. ரப்பர் போட்ட எல் வடிவக் கொக்கி ஸ்விங் ஆர்முக்கு அடியில் சும்மா உட்காரும், பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்தும், ஆனால் நழுவும். ஸ்விங் ஆர்மில் பாபின் என்ற சிறு உருளையைத் திருகி, அதில் மாட்டும் வகை நழுவாது. பாபின் போல்ட் 6, 8, 10 மில்லிமீட்டர் என்று வண்டிக்கு வண்டி மாறும், அளவு பார்த்து வாங்குங்கள். ஸ்விங் ஆர்மில் அதற்கான மரை இருந்தால் நான் கொக்கி வகைப் பக்கமே போக மாட்டேன்.

தூக்கும்போதும் இறக்கும்போதும் சைடு ஸ்டாண்டு விரிந்தே இருக்கட்டும். தவறினாலும் வண்டி அந்தப் பக்கம் சாய்ந்து நிற்கும். ஏறி நின்றதும் முன் பிரேக் லீவரை ஒரு பழைய டியூப் துண்டால் இறுக்கிக் கட்டிவிடுங்கள், வண்டி முன்னால் உருளாது. பழகும்வரை பக்கத்தில் ஓர் ஆள் இருப்பது நல்லது. முன் சக்கரத்துக்கும் ஸ்டாண்டு வைத்தால், பின்பக்கத்தை முதலில் ஏற்றி, அதையே கடைசியில் இறக்க வேண்டும்.

டபுள் ஸ்டாண்டுக்கும் பேடாக் ஸ்டாண்டுக்கும் இடையே பலர் கவனிக்காத வித்தியாசம் ஒன்று உண்டு. பேடாக் ஸ்டாண்டு ஸ்விங் ஆர்மைத் தாங்குகிறது, அதனால் வண்டியின் எடை பின் ஷாக் அப்சார்பர் மேலேயே இருக்கும். டபுள் ஸ்டாண்டில் சக்கரம் தொங்கும். ஒரே செயின் இரண்டிலும் வேறு வேறு தொய்வு காட்டுவது இதனால்தான். எந்த நிலையில் அளக்க வேண்டும் என்று உங்கள் வண்டியின் கையேடு சொல்கிறதோ அப்படியே அளந்து இறுக்குங்கள். ஷாக் அப்சார்பரைக் கழற்ற பேடாக் ஸ்டாண்டு உதவவே உதவாது, கழற்றிய மறுகணம் வண்டி பின்னால் உட்கார்ந்துவிடும்.

கார் டிக்கியில் கிடக்கும் ஜாக்கியை எடுத்து வருகிறவர்களும் உண்டு. அதன் தலை குறுகலானது, அதை மட்டும் நம்பி வண்டியை நிறுத்துவது ஆபத்து. டபுள் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் முன்பக்கத்தை இரண்டு இஞ்ச் தூக்கத் துணைக்கு வைக்கலாம். இடையில் மரக்கட்டை வேண்டும், ஆயில் டிரெயின் போல்ட் மேல் பாரம் விழக் கூடாது. என்எஸ்200-இல் சைலன்சரே இன்ஜினுக்கு அடியில் இருப்பதால் ஜாக்கிக்கு இடமே இல்லை. ஹாலோ பிளாக்கை முட்டுக் கொடுப்பது வேண்டவே வேண்டாம், பாரம் ஒரு ஓரத்தில் விழுந்தால் சொல்லாமல் உடையும்.

எதில் ஏற்றினாலும், ஆக்சில் நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே லேசாகத் தளர்த்திவிடுங்கள். மேலே ஏற்றிய பிறகு நீள ஸ்பேனரை மிதித்துத் திருகும்போதுதான் வண்டிகள் கவிழ்கின்றன. செயின் துடைக்கும்போது இன்ஜின் ஓடவே கூடாது. துணி ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரத்தில்) மாட்டினால் விரலையும் சேர்த்து இழுக்கும். நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றினாலே போதும்.

டபுள் ஸ்டாண்டு உள்ள வண்டிக்கு மேலும் ஒரு பேடாக் ஸ்டாண்டு வாங்குவது வீண் செலவு. அந்தக் காசுக்கு, நட்டைச் சரியான அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கலாம்.