ஸ்டார் சார்ட்டா, பொறுப்பை ஒப்படைப்பதா? இரண்டையும் நடத்திப் பார்த்தபின்

சொல்லாமலே பல் துலக்கவும், நேரத்துக்குப் படிக்க உட்காரவும் பிள்ளையை எப்படிப் பழக்குவது என்று விசாரித்தால், கடைசியில் இரண்டு வழிகள்தான் மிஞ்சுகின்றன. ஒன்று, செய்த ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஸ்டார் ஒட்டி, இத்தனை சேர்ந்தால் பரிசு என்று வைப்பது. மற்றது, வேலையைப் பிள்ளையிடமே ஒப்படைத்து, ஏன் செய்ய வேண்டும் என்று பேசிப் புரியவைத்து, தடுமாறும்போது பக்கத்தில் இருப்பது. அதட்டலும் அடியும் பயத்தைத்தான் வளர்க்கும் என்பதால் அவற்றைப் போட்டியிலேயே சேர்க்கவில்லை.

மகளுக்கு 6 வயதாக இருந்தபோது முதல் வழியில் 8 மாதம் போனோம். பிறகு இரண்டாவதுக்கு மாறினோம். இப்போது அவளுக்கு 10 வயது, மகனுக்கு 5. நான் இரண்டாவது வழியின் பக்கம். அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதுவேன்.

தொடங்குவது எது சுலபம் என்று கேட்டால், சந்தேகமே இல்லாமல் ஸ்டார் சார்ட்தான். ஒரு தாளில் கட்டம் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினால் அன்று மாலையே வேலை செய்யத் தொடங்கிவிடும். எங்கள் வீட்டில் முதல் மூன்று வாரம் அருமையாக ஓடியது. காலையில் கூப்பிடும் முன்பே எழுந்தாள், துலக்கினாள், படுக்கையை மடித்தாள். பலன் கண்ணுக்குத் தெரிவதால் பெற்றோருக்கும் தெம்பு வரும். அந்தத் தெம்பு சின்ன விஷயம் இல்லை.

பரிசு கொடுத்தால் ஆர்வம் கெடும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் 1973-ல் வெளிவந்த ஒரு ஆய்வைக் காட்டுவார்கள். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்டில் ஒரு மழலையர் பள்ளியில் நடத்தியது. ஸ்கெட்ச் பேனாவால் வரைவதை ஏற்கெனவே விரும்பிய பிள்ளைகளில் ஒரு குழுவிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்தபின் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து அந்தப் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். கவனியுங்கள், எதிர்பாராமல் பரிசு கிடைத்த பிள்ளைகளின் ஆர்வம் குறையவில்லை. பேரம் பேசியதுதான் கெடுத்திருக்கிறது.

ஆனால் இதை வைத்தே ஸ்டார் சார்ட்டைத் தூக்கி எறிவது நியாயம் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு வரைவதில் முன்பே ஆசை இருந்தது. பல் துலக்குவதில் கெடுவதற்கு என்ன ஆர்வம் இருக்கிறது? பரிசுகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களிடையேயும் 1990-களில் பெரிய வாக்குவாதம் நடந்தது. பயப்படும் அளவுக்குத் தீங்கு இல்லை என்று 1994-ல் ஒரு தொகுப்பு சொன்னது. 128 ஆய்வுகளைச் சேர்த்து எட்வர்ட் டெசியும் கூட்டாளிகளும் 1999-ல் வெளியிட்டது எதிர்ப்பக்கம் நின்றது. அதிலும் ஆர்வமான வேலைகளில்தான் பாதிப்பு தெரிந்தது. ஆகவே ஆர்வம் கெடுவதை நான் முதல் காரணமாக வைக்கவில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. எந்த வழியானாலும் தொடங்கிய பிறகு தினமும் அதை யார் இழுத்துக்கொண்டு போவது, எத்தனை நாளைக்கு, நிறுத்தினால் என்ன ஆகும்? இந்தக் கேள்விகளை முதலிலேயே கேட்டிருந்தால் எங்களுக்கு 8 மாதம் மிச்சமாகியிருக்கும்.

சார்ட் தானாக நடக்காது. வேலை நடந்ததா என்று யாராவது பார்க்க வேண்டும். பார்த்த உடனே ஒட்ட வேண்டும். நானும் மனைவியும் ஒரே அளவுகோலை வைத்திருக்க வேண்டும். அரைகுறையாக மடித்த போர்வைக்கு நான் ஸ்டார் கொடுத்து அவள் மறுத்தால் அன்றைய காலை பாழ். வேலை மும்முரத்தில் இரண்டு நாள் ஒட்ட மறந்தால் அது வாக்குத் தவறியதாகிவிடும். பிள்ளைக்கு அது உண்மையாகவே வலிக்கும்.

அப்புறம் விலை ஏறும். முதல் மாதம் பத்து ஸ்டாருக்கு மகிழ்ச்சியாகக் குதித்தவள், மூன்றாம் மாதம் "வீட்டுப்பாடம் கஷ்டம்ப்பா, அதுக்கு ரெண்டு ஸ்டார்" என்றாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. கணக்குப் போடச் சொல்லிக் கொடுத்தது நாங்கள்தான். நான்காம் மாதம் ஒரு நாள், குளித்துவிட்டு ஈரத்தோடு நின்ற தம்பிக்கு டவல் எடுத்துத் தரச் சொன்னேன். "எத்தனை ஸ்டார்?" என்றாள். அதற்கு முன்பெல்லாம் அவனுக்குச் சொல்லாமலே ஓடி ஓடிச் செய்தவள். அன்று இரவு நாங்கள் இருவரும் அதையே பேசிக்கொண்டிருந்தோம். ஃபெலிக்ஸ் வார்னெகனும் மைக்கேல் டோமசெல்லோவும் 2008-ல் வெளியிட்ட ஆய்வைப் பின்னால் படித்தபோது அந்த டவல்தான் ஞாபகம் வந்தது. 20 மாதக் குழந்தைகள் ஒருவருக்கு உதவியபோது பொருளாகப் பரிசு கொடுத்தால், அடுத்தடுத்து உதவுவது குறைந்தது.

இன்னொரு நாள் பிரஷ்ஷை மட்டும் நனைத்து வைத்துவிட்டு, துலக்கியாயிற்று என்றாள். பொய் சொல்கிற பிள்ளை இல்லை அவள். கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்கிற பதற்றம் அவளை அப்படிச் செய்ய வைத்தது. அதற்குப் பிறகு நான் பிரஷ்ஷைத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். எங்களுக்குள் இருந்த நம்பிக்கையையும் சேர்த்துத்தான் சார்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

பிறகு பத்து நாள் வெளியூர் போனோம். சார்ட் வீட்டிலேயே இருந்தது. மூன்றாவது நாளே பல் துலக்குவது சண்டையாகிவிட்டது. ஏழு மாத உழைப்பு ஃபிரிட்ஜ் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டதே என்று அப்போதுதான் உறைத்தது. நடத்திக்கொண்டிருந்தது அவள் இல்லை, நாங்கள்.

இரண்டாவது வழிக்குச் செலவு முழுக்க முன்னாலேயே வந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு உட்கார்ந்து, பள்ளிக்குக் கிளம்பும் முன் என்னென்ன ஆக வேண்டும் என்று கேட்டோம். அவளே சொல்லி, அவள் கையாலேயே எழுதினாள். எதை முதலில் செய்வது என்பது அவள் முடிவு. துலக்காமல் போவதா என்பதில் மட்டும் பேச்சுக்கு இடமில்லை. நாங்கள் ஒரு முறைதான் நேரம் சொல்வோம், துரத்த மாட்டோம் என்றும் பேசிக்கொண்டோம்.

முதல் ஆறு வாரம் கடினம். வாயை மூடிக்கொண்டிருப்பதைவிடக் கடினமான வேலை பெற்றோருக்கு இல்லை. ஒரு நாள் வீட்டுப்பாட நோட்டு மேசையிலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போகக் கை துடித்தது, போகவில்லை. மாலையில் அழுதுகொண்டு வந்தாள். "நான் அப்பவே சொன்னேன்ல" என்பது நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "எல்லார் முன்னாடியும் ரொம்பக் கூச்சமா இருந்திருக்கும்ல" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் மடியில் இருந்தாள். பிறகு "நாளைக்கு என்ன பண்ணலாம்?" என்று கேட்டேன். ராத்திரியே பையை அடுக்கி, ஷூவுக்குப் பக்கத்தில் வைத்துவிடலாம் என்றாள். அவளாகக் கண்டுபிடித்த அந்த ஏற்பாடு இன்றுவரை நடக்கிறது. அதைப் பராமரிக்க நாங்கள் ஒன்றும் செய்வதில்லை.

இதைச் சும்மா விட்டுவிடுவது என்று நினைத்துவிடக் கூடாது. கண்டிப்பும் பாசமும் ஒன்றாக இருக்கிற வளர்ப்பையும், எதற்கும் எல்லை வைக்காமல் விடுகிற வளர்ப்பையும் உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960-களிலேயே பிரித்துக் காட்டிவிட்டார். எல்லை வேண்டும், அதை எப்படிச் சொல்கிறோம் என்பதுதான் வேறுபடுகிறது. ரிச்சர்ட் கோஸ்ட்னரும் மற்றவர்களும் 1984-ல் வெளியிட்ட ஆய்வு இதில் எனக்கு மிகவும் உதவியது. ஓவியம் தீட்டும் சின்னப் பள்ளிப் பிள்ளைகளிடம், வண்ணங்களைச் சிந்தாமல் வைக்க வேண்டும் என்ற ஒரே விதியை இரண்டு விதமாகச் சொன்னார்கள். கட்டளையாகக் கேட்ட பிள்ளைகளுக்கு வரைவதில் ஆர்வம் குறைந்தது. சில சமயம் சிந்திவிடத் தோன்றும் என்று தெரியும், ஆனால் அடுத்து வரும் பிள்ளைகளுக்கும் இது வேண்டுமே என்ற தொனியில் கேட்டவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. அதிலிருந்து எங்கள் வீட்டிலும் ஒரு வரிசை வைத்துக்கொண்டோம்: முதலில் அவள் மனசு, பிறகு காரணம், பிறகு விதி. "விளையாட்டை நிறுத்தக் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா இப்போ தூங்கலைன்னா காலையில தலை வலிக்கும். இதோட எடுத்து வெச்சுடலாம்." இப்படிச் சொல்ல கூடுதலாகப் பத்து நொடி ஆகும். களைத்துப்போன இரவுகளில் அந்தப் பத்து நொடிகூட என்னிடம் இருந்ததில்லை. அப்போதெல்லாம் கத்தியிருக்கிறேன். மறுநாள் மன்னிப்பும் கேட்டிருக்கிறேன்.

மூன்றாம் மாதத்துக்குப் பிறகு எங்கள் வேலை வேகமாகக் குறைந்தது. அடுத்த வெளியூர்ப் பயணத்தில் பிரஷ்ஷை எடுத்து வைத்தவளே அவள்தான்.

பாராட்டு பற்றி ஒன்று. ஸ்டாரை எடுத்த இடத்தில் "கெட்டிக்காரி" என்று சொல்லிச் சொல்லியே நிரப்பினால் அதுவும் இன்னொரு சார்ட்தான். கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998-ல் காட்டியது இது: புத்திசாலி என்று புகழப்பட்ட பிள்ளைகள் கடினமான புதிர்களில் தோற்றதும் சீக்கிரம் துவண்டார்கள், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் தொடர்ந்தார்கள். "மூணு தடவை அழிச்சு அழிச்சு எழுதினியே, அதைப் பார்த்தேன்" என்று சொல்வது எங்கள் வீட்டில் இப்போது பழக்கமாகிவிட்டது.

ஸ்டார் சார்ட்டுக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. மகன் இரண்டரை வயதில் கழிப்பறைக்குப் பழகும்போது ஸ்டிக்கர் கொடுத்தோம். மூன்று வாரத்தில் பழகிவிட்டான், ஸ்டிக்கரை அவனே மறந்துவிட்டான். அந்த வேலைக்கு ஒரு முடிவு உண்டு, கற்றுக்கொண்டால் தீர்ந்தது. ஆயுள் முழுக்கத் தினமும் செய்ய வேண்டியதற்குத்தான் சார்ட் சரிப்படவில்லை. கவனக்குறைவுக் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கு உடனடிப் பரிசு முறை சிகிச்சையின் ஒரு பகுதியாகவே பயன்படுகிறது. அங்கே என் அனுபவத்தை ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளையைப் பார்க்கும் நிபுணர் சொல்வதைக் கேளுங்கள். பதின்வயதைப் பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது. என் மகள் இன்னும் அங்கே போகவில்லை. நான் வைத்திருக்கும் உதாரணமும் இரண்டு பிள்ளைகள் மட்டுமே.

ஏற்கெனவே சார்ட் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகளுக்கு: ஒரே நாளில் கிழித்துவிடாதீர்கள். சேர்த்து வைத்த ஸ்டாருக்கு உண்டான பரிசை முதலில் கொடுத்துவிடுங்கள், பாக்கி இருக்கக் கூடாது. பிறகு பிள்ளைக்கு ஏற்கெனவே கைவந்துவிட்ட ஒரு வேலையை மட்டும் சார்ட்டிலிருந்து எடுங்கள். "இதுக்கு இனிமே ஸ்டார் வேணாம், உனக்கே தெரியும்" என்று சொன்னபோது என் மகள் முதலில் முகம் சுளித்தாள். இரண்டு வாரம் விட்டு அடுத்த வேலையை எடுத்தோம். கடைசியாக மிஞ்சியது படுக்கை மடிப்பு. அந்தக் கட்டத்தை அவளே பேனாவால் அடித்துவிட்டு, தாளின் பின்பக்கத்தில் படம் வரைய எடுத்துக்கொண்டு போனாள்.