பழைய ரோட்ஸ்டருக்கு ஏசி வேலை கொடுக்கிறவர்கள் கவனம்: திருகோணமலையில் நடந்த ஏமாற்று

திருகோணமலை நகருக்குள் வாகன ஏசி வேலை செய்யும் ஒரு கடையில், 1990ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர் (மஸ்டாவின் இரண்டு இருக்கைத் திறந்த கார்) ஒன்றுக்கு, ஏசி வாயுவை அமுக்கும் கொம்பிரசரை மாற்ற வேண்டும் என்று சொல்லி ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். மாற்ற வேண்டிய தேவையே இருக்கவில்லை. அதைவிட மோசம், பில்லில் ‘ஒறிஜினல் ஆர்12 காஸ்’ (பழைய வண்டி ஏசிகளின் குளிர்வாயு) என்று எழுதிவிட்டு உள்ளே அடித்திருப்பது எரியும் வாயு. கடையின் பெயரை இங்கே போடவில்லை. இதே வேலையை வேறு கடைகளும் செய்யலாம் என்பதால், எப்படி ஏமாற்றினார்கள் என்பதை விளக்கமாக எழுதுகிறோம்.

வண்டியின் குறை இதுதான். காலையில் ஏசி நன்றாகக் குளிரும். கச்சான் காற்று வீசும் மத்தியானத்தில் நிலாவெளிப் பக்கம் போனால், கொஞ்ச நேரத்தில் திடீரென்று சூட்டுக்காற்று வரும். நிறுத்தி ஆறவிட்டால் மறுபடி குளிரும். இந்த அடையாளத்தைக் கேட்டதுமே வேலை தெரிந்தவர் பார்க்க வேண்டிய இடம் கொம்பிரசரின் முகப்பிலுள்ள கிளச். ஏசி போட்டதும் காந்தத்தால் முன்தகட்டை இழுத்து, பெல்ற் சுற்றும் சில்லோடு கொம்பிரசரை இணைப்பது அதுதான். முன்தகட்டுக்கும் அந்தச் சில்லுக்கும் நடுவில் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் இடைவெளிதான் இருக்க வேண்டும். முப்பது வருடத்தில் முகம் தேய்ந்து அந்த இடைவெளி கூடிவிடும். காந்தச் சுருள் சூடாகும்போது அதன் தடை ஏறும், மின்னோட்டம் குறையும், இழுவை தளரும். கூடிப்போன இடைவெளியைத் தாண்டித் தகட்டை இழுக்க அதற்குப் பலம் போதாது. சுருள் ஆறினால் பழையபடி பிடிக்கும்.

இதை உறுதி செய்ய ஒரு மல்ரிமீற்றர் போதும். குளிர் நின்ற அந்த நேரத்திலேயே, இன்ஜின் ஓட, ஏசி போட்டபடி, கிளச்சுக்குப் போகும் வயரில் மின்சாரம் பாருங்கள். 12 வோல்ற்றுக்கு மேல் வந்தும் முன்தகடு சுழலவில்லை என்றால் பிழை கிளச்சில். மின்சாரமே வரவில்லை என்றால் பியூஸ், ரிலே, பிரஷர் சுவிச், கூலிங் கொயிலில் இருக்கும் தேர்மோஸ்ராற் என்று பின்னோக்கித் தேட வேண்டும். இரண்டு வழியிலும் கொம்பிரசரைக் கழற்றும் தேவை இல்லை. இடைவெளியைக் குறைக்க, நடுப் போல்ற்றைக் கழற்றித் தகட்டை எடுத்து, அதன் பின்னாலிருக்கும் மெல்லிய சிம் வாஷர்களில் ஒன்றை நீக்கினால் சரி. சாமான் செலவு எதுவும் இல்லை.

இந்தக் கடையில் எவரும் மீற்றர் வைத்துப் பார்க்கவில்லை. ‘கொம்பிரசர் உள்ளுக்குள்ளே போயிட்டுது’ என்று சொல்லி ரீகண்டிஷன் ஒன்றைப் பூட்டினார்கள். சொந்தக்காரர் பழையதை விடாப்பிடியாகக் கேட்டு வாங்கியதால்தான் உண்மை வெளிவந்தது. தண்டு கையால் சுற்ற மென்மையாகச் சுற்றியது. சுருளின் தடை 3.7 ஓம், சரியான அளவு. இடைவெளி மட்டும் 1.1 மில்லிமீற்றர். எந்த வேலையாக இருந்தாலும் கழற்றிய சாமானை வாங்கிக்கொண்டுதான் காசு கொடுங்கள். ‘அது கடைக்கு’ என்று சொன்னால், உங்கள் நல்ல கொம்பிரசர் அடுத்தவருக்கு ரீகண்டிஷனாக விற்கப்படலாம்.

இனி வாயு. ஓசோன் படையைக் காக்க 1987இல் கைச்சாத்தான மொன்றியல் உடன்படிக்கையின் கீழ், வளர்ந்து வரும் நாடுகளிலும் 2010உடன் ஆர்12 நிறுத்தப்பட்டது. இன்று ‘புது ஆர்12’ என்று ஒருவர் போத்தலைக் காட்டினால் அதை நம்ப வேண்டாம். இந்த வண்டியின் வாயுவை இனங்காணும் கருவியில் பிடித்துப் பார்த்தபோது ஹைட்ரோகாபன் என்று காட்டியது. புரப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு நன்றாகவே குளிர்விக்கும், பழைய மினரல் ஒயிலுடனும் ஒத்துப்போகும். அதனால்தான் முதல் நாள் சொந்தக்காரருக்குச் சந்தேகம் வராது. ஆனால் ரோட்ஸ்டரில் கூலிங் கொயில் இருப்பது இடப்பக்க இருக்கைக்காரரின் முழங்காலுக்கு முன்னால். அங்கே ஒரு ஓ ரிங் (மூட்டை அடைக்கும் ரப்பர் வளையம்) கசிந்தால் எரிவாயு நேரே அந்தச் சின்ன அறைக்குள் நிறையும். ஒரு சிகரெட், ஒரு சுவிச் பொறி போதும். எரியும் வாயுவுக்கென்று வடிவமைக்காத தொகுதியில் அதை அடிப்பதை நாங்கள் எந்த விலைக்கும் ஏற்க மாட்டோம்.

கருவி இல்லாமல் பிடிக்க ஒரு வழி நிறை. ஹைட்ரோகாபன் அடித்தால் ஆர்12இன் நிறையில் பாதிகூடப் போகாது. தராசு வைக்காமல் கேஜ் முள்ளைப் பார்த்தே காஸ் அடிக்கிறவரிடம் இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே தராசு இல்லாத கடைக்குப் போகாதீர்கள். எத்தனை கிராம் என்பது பெனட்டுக்குக் கீழுள்ள லேபிளில் இருக்கும்.

ஆர்12 வண்டியை முறையாக, அதற்குப் பதிலாக வந்த ஆர்134ஏ குளிர்வாயுவுக்கு மாற்றினால், லேபிளிலுள்ள நிறையில் 80 முதல் 90 வீதம் அடிக்க வேண்டும். பழைய மினரல் ஒயிலை ஆர்134ஏ சுமந்து செல்லாது. அதை முடிந்தவரை வடித்து, எஸ்டர் ஒயில் விட வேண்டும். கழற்றிய மூட்டுகளுக்கெல்லாம் எச்என்பிஆர் என்ற ரப்பரில் செய்த ஓ ரிங், ஈரம் உறிஞ்சும் ட்ரையர் போத்தலும் புதிதாகப் போட வேண்டும். தொகுதி திறந்து கிடந்தால் ட்ரையர் ஈரத்தைக் குடித்துவிடும், எங்கள் கடற்காற்றில் இன்னும் வேகமாக. இந்த வண்டியில் பழைய ட்ரையரையே திரும்பப் பூட்டியிருந்தார்கள், பில்லில் மட்டும் புதியது. காஸ் அடிக்கும் வாய்களையும் பாருங்கள்: ஆர்12இல் மரை வாய், ஆர்134ஏயில் அமுக்கிப் பூட்டும் வாய். மாற்றியதாகச் சொல்லியும் மரை வாய் அப்படியே இருந்தால் காரணம் கேளுங்கள்.

கசிவு தேட நைதரசன் மட்டும்தான். வெல்டிங் ஒட்சிசன் போத்தலைக் கொண்டுவந்தால் வண்டியை உடனே வெளியே எடுங்கள். அமுக்கத்தில் ஒட்சிசனும் ஒயிலும் சேர்ந்தால் வெடிக்கும். பிறகு உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சும் வக்யூம் பம்ப் அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஓட வேண்டும், நிறுத்தியபின் முள் அசையாமல் நிற்க வேண்டும். ‘பழைய காஸுக்கு மேலே கொஞ்சம் ஏத்திவிடுறன்’ என்பது வேலையே இல்லை.

வேலை முடிந்தபின் நீங்களே பார்க்கக்கூடிய சோதனை ஒன்று. வண்டி இரவு முழுக்க நின்றபின், ஸ்ராட் செய்யாமல் கேஜைப் பூட்டுங்கள். 30 பாகையில் ஆர்134ஏ இருபக்கமும் சுமார் 97 பிஎஸ்ஐ காட்டும், 35 பாகையில் சுமார் 114. அதைவிட நன்றாகக் கூடினால் உள்ளே காற்றோ கலப்படமோ இருக்கிறது. நன்றாகக் குறைந்தால் காஸ் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் முள் சரியாக நிற்பதால் நிறையும் சரி என்று ஆகாது.

கொண்டென்சர் (வண்டியின் முன்னால் வாயுவின் சூட்டை வெளியேற்றும் பகுதி) கெட்டது என்றால் ஒயில் கறை படிந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். உப்பு தின்ற இறகுகளில் அந்தக் கறை கண்ணுக்குத் தெரியும். கொம்பிரசரையும் பவர் ஸ்ரியரிங்கையும் ஓட்டும் பெல்ற் ஒன்றுதான். அது தளர்ந்து வழுக்கினாலும் குளிர் குறையும்.

பில்லில் வாயுவின் பெயர், கிராம், ஒயிலின் வகை மூன்றையும் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தாலோ, எழுதியது பொய்யானாலோ நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம். உங்கள் வண்டியிலும் இந்த எரிவாயு இருக்கிறது என்று சந்தேகம் இருந்தால், அடுத்த கடையில் பைப்பைத் தொடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். தெரியாமல் அவர்களின் மீட்பு இயந்திரத்துக்குள் (பழைய காஸை உறிஞ்சிச் சேர்ப்பது) இழுத்தால், அங்கே சேர்த்து வைத்திருக்கும் நல்ல காஸ் முழுக்கக் கெடும். பக்கத்தில் அடுப்போ வெல்டிங்கோ நடந்தால் ஆளுக்கும் ஆபத்து.