பாதுகாப்புப் பிரதிநிதிக்கு எது முதலில்: சான்றிதழ் படிப்பா, வேலையிடப் பழக்கமா?

தொழிலாளர்கள் சார்பில் பாதுகாப்புப் பிரதிநிதி ஆனதும் வருகிற முதல் கேள்வி, "நெபோஷ் முடிச்சிட்டீங்களா?" என்பதுதான். நெபோஷ் என்பது வேலையிடப் பாதுகாப்புக்கான பிரிட்டிஷ் சான்றிதழ் படிப்பு. நான் முடிக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு திறமை என்று வைத்துக்கொண்டு, மெஷின்கள் ஓடும் ஷாப் ஃப்ளோரிலேயே பழகும் வழியைத்தான் எடுத்தேன்.

படிப்பின் பலம் எல்லாருக்கும் தெரிந்ததே. பாடம் வரிசையாக வரும், சட்டம் தெளியும். முழுநேர சேஃப்டி ஆபீசராகப் போக நினைப்பவருக்கு இப்படி ஒரு படிப்பு கைகொடுக்கும்.

என் கணக்கு வேறு: கற்றது எவ்வளவு நாள் கையில் நிற்கும்? முதல் மூன்று மாதம் நான் பழகியது மெஷின்களைச் சுற்றிப் பார்ப்பது. அதில் உலோகத்தைத் தீட்டும் பெஞ்ச் கிரைண்டரையே பாருங்கள். சுழலும் கல்லுக்கும், தீட்டும் பொருளை (ஜாப்) தாங்கிப் பிடிக்கும் டூல் ரெஸ்ட்டுக்கும் நடுவே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. பரீட்சையில் எழுதிவிடலாம். ஆனால் கல் தேயத் தேய அந்த இடைவெளி அகன்றுகொண்டே போகும். கவனிக்காமல் விட்டால் ஜாப் உள்ளே மாட்டிக்கொள்ளும், கல்லே உடைந்து தெறிக்கலாம். ரெஸ்ட்டை மறுபடி நெருக்கி வைக்கிறார்களா, அதுவும் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் செய்கிறார்களா என்பது அடிக்கடி போய் நிற்கிறவருக்கே தெரியும். "என்னண்ணே, கல்லு ரொம்பத் தேஞ்சிருச்சு போல" என்று ஆபரேட்டர் முகம் சுளிக்காதபடி பேச்செடுப்பது எந்தப் பாடத்திலும் வராது. மாதாமாதம் ரவுண்ட்ஸ் போனால் இந்தத் திறமை தானாகவே புதுப்பிக்கப்படும். சான்றிதழோ ஃபைலில் கிடக்கும்.

அடுத்த மூன்று மாதம் சேஃப்டி டேட்டா ஷீட், அதாவது ஒரு ரசாயனத்தின் பாதுகாப்பு விவரத் தாள். மொத்தம் 16 பிரிவுகள். நான் முதலில் பார்ப்பது 2, 4, 8: என்ன ஆபத்து, பட்டுவிட்டால் என்ன முதலுதவி, எதைப் போட்டுக்கொண்டு வேலை செய்வது. விபத்து விசாரணைக்கு மட்டும் கூடுதல் நாள் ஒதுக்குங்கள். 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதி மூடிவிடுவதுதான் எங்கும் நடக்கிறது. அதற்குப் பின்னாலும் நாலு 'ஏன்' கேட்கப் பழகினால்தான் பாதுகாப்புக் கமிட்டியில் நம் பேச்சு எடுபடும்.

எந்த வழியானாலும் சொந்த நேரத்தைக் கொட்டாதீர்கள். பிரதிநிதிகளின் பணிக்கும் பயிற்சிக்கும் சம்பளத்தோடு கூடிய வேலை நேரத்திலேயே நியாயமான நேரம் வேண்டும் என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டுப் பரிந்துரை, எண் 164. பரிந்துரைதான், கட்டாயமில்லை. ஆனாலும் மேனேஜரிடம் எடுத்துக் காட்ட ஒரு பிடி.

நான் சொல்வதெல்லாம் மெஷின் ஷாப் அனுபவம். ரசாயன ஆலை எனக்குப் பழக்கமில்லை. அங்கே கண்ணால் பார்த்துக் கற்க முடியாதவை நிறைய. ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு அதிகமானால் மோப்ப உணர்வே மரத்துவிடும், நாற்றத்தை வைத்துக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் இருந்திருந்தால் நானும் முதலில் படிப்புக்குத்தான் பணம் கட்டச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்டிருப்பேன்.