நியாய விலைக் கடையும் ஒரு குடும்பத்தின் மளிகைச் செலவும்

தமிழ்நாட்டில் வருமான வரம்பு பார்க்காமல் ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களுக்கும் பொது விநியோகத் திட்டம் திறந்திருக்கிறது. இருந்தும், மாதச் சம்பளம் வாங்கும் பல வீடுகளில் குடும்ப அட்டை ஒரு முகவரிச் சான்றாக மட்டுமே பயன்படுகிறது. மாத மளிகைச் செலவைக் குறைக்க விரும்பும் குடும்பம் சூப்பர் மார்க்கெட்டின் தள்ளுபடி அறிவிப்புகளைத் தேடுவதற்கு முன்பு, தெருமுனையில் இருக்கும் நியாய விலைக் கடையை ஒரு மளிகைக் கடையாகவே கருதி, எந்தப் பொருள் வாங்கத் தக்கது, எதை எப்படிப் பயன்படுத்துவது என்று பார்ப்பது நல்லது.

முதலில் வாங்க வேண்டியது துவரம் பருப்பு. சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின் கீழ் ஓர் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ பருப்பு 30 ரூபாய்க்கும், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. 2007ஆம் ஆண்டு விலைவாசி உயர்வைச் சமாளிக்கத் தொடங்கப்பட்ட இத்திட்டம், வெளிச்சந்தையில் துவரம் பருப்பு கிலோ 100 ரூபாயைக் கடந்து, சில ஆண்டுகளில் 150 ரூபாய்க்கும் மேலே போனபோதும் இதே விலையில் தொடர்ந்திருக்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் தினமும் சாம்பார் வைத்தால் ஒரு கிலோ போதாதுதான். ஆனாலும் வெளியே வாங்கும் அளவு ஏறத்தாழ பாதியாகிவிடும். பருப்பின் தரம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. சில மாதங்களில் மட்டும் வேக நேரம் பிடிக்கிறது; அரை மணி நேரம் ஊற வைத்துக் குக்கரில் போட்டால் அந்தக் குறையும் தெரிவதில்லை.

அரிசியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2008இல் கிலோ ஒரு ரூபாயாகக் குறைக்கப்பட்டு, 2011 ஜூன் முதல் விலையில்லாமல் வழங்கப்படும் இந்த அரிசி, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முன்னுரிமைப் பட்டியலில் சேராத அரிசி அட்டைகளுக்கு உறுப்பினர் எண்ணிக்கையைப் பொறுத்து 12 முதல் 20 கிலோ வரையும், மிக வறிய குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைகளுக்கு 35 கிலோவும் கிடைக்கிறது. மதியச் சோற்றுக்குப் பொன்னி அரிசிக்குப் பழகியவர்கள் இதன் பருமனையும், சில மூட்டைகளில் வரும் பழைய வாடையையும் காரணம் காட்டி வேண்டாம் என்கிறார்கள். அவர்களும் இட்லிக்கு இதை விட்டு வேறு அரிசி வாங்குவது வீண் செலவு. நான்கு பங்கு புழுங்கலரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம் என்று ஊற வைத்து அரைத்தால் மாவு நன்றாகப் பொங்கி, கடையில் தனியாக விற்கும் இட்லி அரிசிக்குச் சற்றும் குறையாத இட்லி வருகிறது. பாக்கெட் மாவு வாங்கும் வழக்கத்தையும் இதனால் விட முடிகிறது. பச்சரிசி தரும் மாதங்களில் அதைக் களைந்து நிழலில் உலர்த்தி, மில்லில் கொடுத்து இடியாப்பத்துக்கும் புட்டுக்கும் மாவாக வைத்துக்கொள்ளலாம்.

இந்த அரிசியில் வெளிறிய நிறத்தில், தண்ணீரில் மிதக்கும் மணிகளைக் கண்டு பிளாஸ்டிக் அரிசி என்று அஞ்சிப் பொறுக்கி எறிபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவை செறிவூட்டப்பட்ட மணிகள். அரிசி மாவுடன் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைச் சேர்த்து அரிசி வடிவில் வார்த்து, 100 கிலோ அரிசிக்கு ஒரு கிலோ என்ற அளவில் கலக்கிறார்கள். இரத்தசோகையைக் குறைப்பதற்காகச் சேர்க்கப்படும் அந்தச் சத்தைக் களைந்த தண்ணீரோடு கொட்டிவிடக் கூடாது என்பதை ஒவ்வொரு கடை வாசலிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.

பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு ஏறத்தாழ பாதியளவு இருப்பதால் எல்லாச் சமையலுக்கும் அதையே ஊற்றுமாறு சொல்ல மாட்டேன். அப்பளம் பொரிப்பது, பண்டிகைக்கு முறுக்குச் சுடுவது போன்றவற்றுக்கு அதை ஒதுக்கிவிட்டு, தாளிப்புக்கும் பொரியலுக்கும் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ வைத்துக்கொண்டால் அந்த எண்ணெய்கள் கூடுதல் நாள் வருகின்றன. சர்க்கரை 2017 நவம்பரில் 13.50 ரூபாயிலிருந்து 25 ரூபாயாக உயர்த்தப்பட்டபோதும் வெளிச்சந்தையை விட மலிவுதான். கோதுமை கிடைக்கும் மாதத்தில் அரிசியின் அளவில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து அதை வாங்கி மில்லில் அரைத்தால், சப்பாத்தி மாவுக்கு அரைவைக் கூலி மட்டுமே செலவு.

குறைகளும் சிறியவை அல்ல. பருப்பும் எண்ணெயும் மாதத் தொடக்கத்தில் ஒன்றாக வந்து சேராததால் ஒரே மாதத்தில் இரண்டு முறை வரிசையில் நிற்க நேர்கிறது. கூலி வேலைக்குச் செல்பவருக்கு அரை நாள் ஊதியம் போனால் பருப்பில் மிச்சமான பணம் அதிலேயே கரைந்துவிடும். உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகையை இயந்திரம் ஏற்காமல் முதியவர்கள் காத்திருப்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிற்கே பொருள் கொண்டு செல்லும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது இதற்கு நல்ல மாற்று. சில கடைகளில் டீத்தூளையோ உப்பையோ வாங்கச் சொல்லி வற்புறுத்துவதும், வாங்காத பொருளுக்கு ரசீது போடுவதும் உண்டு. ரசீது போட்டவுடன் கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியைக் கடையை விட்டு வருவதற்கு முன்பே படித்து, எடையையும் சரிபார்த்து, பொருந்தாவிட்டால் அங்கேயே கேட்க வேண்டும். பதில் கிடைக்காவிட்டால் 1967 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

அரசிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. சிறப்புத் திட்டத்தில் முன்பு உளுந்தும் கிடைத்துக்கொண்டிருந்தது. 2017 வாக்கில் அது நின்றுபோனது. அரிசி விலையில்லாமல் கிடைக்கும் மாநிலத்தில் இட்லி மாவின் செலவு முழுவதும் உளுந்தில்தான் இருக்கிறது. அட்டைக்கு அரை கிலோ உளுந்து மீண்டும் வந்தால், காலை உணவுக்காகக் குடும்பங்கள் கையிலிருந்து கொடுக்க வேண்டிய பணம் வெகுவாகக் குறையும்.