குடையா, சாஃப்ட்பாக்ஸா?

ஒரே ஒரு ஃபிளாஷை வைத்து வீட்டு ஹாலில் ஆள் படம் எடுக்க, வெளிச்சத்தை மென்மையாக்க வெள்ளைக் குடையும் உண்டு, ஃபிளாஷை உள்ளே வைக்கும் துணிப் பெட்டியான சாஃப்ட்பாக்ஸும் உண்டு. குடை மலிவு, விரித்தால் வேலை முடிந்தது. ஆனால் அதன் வெளிச்சம் ஓரிடத்தில் நிற்காது. சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வரும். பச்சை பெயின்ட் அடித்த சுவர் என்றால் கன்னத்திலும் லேசாகப் பச்சை ஏறும். (நம் வீடுகளில் பச்சைச் சுவருக்குப் பஞ்சமா என்ன!)

சாஃப்ட்பாக்ஸுக்குச் சுற்றிலும் கறுப்புத் துணி, முன்னால் மட்டும் வெள்ளைத் திரை. காட்டிய பக்கம்தான் வெளிச்சம் போகும். பின்னணியை இருட்டாகவே விடலாம். கருவிழியில் ஜன்னல் மாதிரி சதுரமாக ஒரு மினுக்கம் விழும். குடையில் வட்டம், சில நேரம் கம்பிகளும் தெரியும். பெட்டியை மாட்டிக் கழற்றுவதற்குள் பொறுமை போய்விடும் என்பது வேறு விஷயம்.

மென்மையைப் பொறுத்தவரை அளவும் தூரமும்தான் கணக்கு. 60 செ.மீ. பெட்டியை 1 மீட்டரில் வைத்தாலும், 120 செ.மீ. குடையை 2 மீட்டரில் வைத்தாலும் மூக்கின் நிழல் விளிம்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

பத்துப் பேரை வரிசையாக நிறுத்தினால் குடை தோது. ஒற்றை முகத்துக்கு நான் பெட்டியைத்தான் எடுப்பேன். மொட்டை மாடியில் மட்டும் குடை வேண்டாம். ஒரு காற்று போதும், ஸ்டாண்டோடு சாய்ந்துவிடும்.